மேற்படியார் சம்சாரம் அவர்களுக்கு

கோயில் மண்டபத்தில் பழைய பதுளைக்காரர்கள் நாம் கூடும்போதெல்லாம் உங்கள் பேச்சு ஒன்றுதான். அந்தக் காலத்துப் பதுளை, அந்தக் காலத்து மனிதர்கள், அவர்களுடைய தங்கமான குணம். நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எரிச்சலில் எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான். போன மாதம் உங்களில் ஒருவர் எங்கள் அப்பாவின் ஜவுளிக்கடையை நினைவுபடுத்தி, அப்படி ஒரு மனிதரை இனிமேல் பார்க்க முடியாது என்று கண் கலங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, ஒரு மழைக்காலத்தில் நடந்தது.

கொழும்பு ரயில் அப்போது பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து துணி மூட்டைகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். பஜார் வீதியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் எங்கள் வீடு. கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசனையும், தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளின் வாசனையும் எங்கள் சோற்றில்கூட இருக்கும். கம்பளி வாசனையைப் பற்றி உங்களில் சிலர் ஏக்கத்தோடு பேசுகிறீர்கள். நனைந்த ஆட்டின் நாற்றம் அது. எனக்கு இன்றைக்கும் குமட்டும்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். இந்தியாவில் படித்தால்தான் படிப்பு என்று சொல்லி, பதினோரு வயதில் அவனை மதுரைப் பக்கத்திலிருந்த அத்தை வீட்டுக்கு அப்பா அனுப்பிவிட்டார். மாதம் தவறாமல் அவனிடமிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வரும். உறையின் மேல் அப்பாவின் பெயர், கடையின் பெயர், வீதி, ஊர். அதற்குக் கீழே 'மேற்படியார் சம்சாரம் அவர்களுக்கு' என்று இருக்கும். பெண்பிள்ளையின் பெயரை உறையில் எழுதி ஊரெல்லாம் கைமாற விடுவார்களா? நான்கு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று எண்ணிய காலம். அதில் யாரும் குறை கண்டதில்லை, அம்மா உட்பட.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான் வாசித்துக் காட்டுவேன். வாத்தியார் பிரம்பு, அத்தை வீட்டு மோரில் மிதந்த எறும்பு, ஆற்றில் போன செருப்பு என்று பக்கம் நிறைய எழுதுவான். வாசித்து முடித்ததும் அம்மா கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடுவாள். டின்னின் மூடியில் குதிரைமேல் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய முகம் மட்டும் துருவேறித் தெரியாமல் போயிருந்தது.

அந்த வருடம் இந்தியாவுக்குப் போன அப்பா, திரும்பும்போது புதிதாகக் கட்டிய சித்தியோடு வந்தார். முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. வண்டி வந்து வாசலில் நின்ற பிறகு, கடைப் பையனை அனுப்பி அம்மாவை ஆரத்தி கரைக்கச் சொன்னார். அம்மா கரைத்தாள். எடுக்கவும் எடுத்தாள். அவள் ஏன் எடுத்தாள் என்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இருபது நாள் ஒரே அடுப்பில் இரண்டு பேரும் சமைத்தார்கள். இருபத்தோராம் நாள் அம்மா ஒரு டிரங்குப் பெட்டியையும் என்னையும் எடுத்துக்கொண்டு அரிசி வண்டியில் ஏறினாள். அவளுடைய அக்காள், அதாவது என் பெரியம்மா, நமுனுகுல மலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். பெரியப்பா அங்கே கணக்கப்பிள்ளை. வண்டி மலையேறத் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. பிஸ்கட் டின்னை எடுக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னாள். வண்டிக்காரர், ஏற்றத்தில் நிறுத்தினால் மாடு மறுபடி இழுக்காது என்றார். அம்மா கொஞ்ச தூரம் பின்பக்கம் பார்த்தபடியே வந்தாள். பிறகு முந்தானையால் என் தலையை மூடினாள்.

பெரியம்மா வீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கூரை ஒழுகாது. கீழே ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் ஒழுகும், எங்களுக்கு ஒழுகாது. தங்கச்சி வந்த மறுநாளே பெரியம்மா சமையல்காரியை நிறுத்திவிட்டாள். காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆட்களைக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்கும்போது அம்மா அடுப்பு மூட்டியிருப்பாள். அந்த வேலையெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அண்ணனுடைய அந்த மாதக் கடிதம் வந்திருக்கும், அதை எப்படி வாங்குவது என்பதுதான் அவளுடைய ஒரே நினைப்பு.

தோட்டத்துக்குத் தபால் வருவது இப்படி. காலையில் ஓர் ஆள் தோல் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார். பைக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி துரையிடம், இன்னொன்று தபால் கந்தோரில். பிற்பகல் பை வந்ததும் துரை திறந்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெரியப்பாவிடம் கொடுப்பார். பை வருவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்து வளைவில் தெரியும். அதை அம்மா இரண்டே நாளில் தெரிந்துகொண்டாள்.

வீடு மாறியவர்கள் தபால் கந்தோரில் எழுதிக்கொடுத்தால், பழைய விலாசத்துக்கு வரும் கடிதத்தைப் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று பெரியப்பா சொன்னார். சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அரிசி வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கினாள்.

தபால் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். அம்மா சொன்னதை முழுதும் கேட்டார். ஒரு தாளை எடுத்துத் தந்து, என்னையே நிரப்பச் சொன்னார். பழைய விலாசம், புது விலாசம் இரண்டையும் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா கைநாட்டு வைக்கப் போனபோது அவர் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. கடுதாசி உங்கட பேருக்கு வாறேல்லை. உங்கட அவற்ற பேருக்குத்தான் வருது. அவர்தான் கையெழுத்து வைக்க வேணும்."

"கீழ அவர் சம்சாரம்னு எழுதியிருக்குமேங்க. அது நாந்தானே?"

தபால் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வீட்டில இப்ப இன்னொராளும் இருக்கிறாவெண்டு கேள்வி. சம்சாரம் எண்டு வாற கடுதாசி ஆருக்கெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சட்டம் அப்படி. வேறு வழியும் அவரே சொன்னார். மகனை அம்மாவின் சொந்தப் பெயரை உறையில் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பெயரில் வந்தால் நானே பார்த்துத் தோட்டத்துப் பையில் போட்டுவிடுகிறேன் என்றார். இல்லாவிட்டால் வீட்டுக்காரரிடம் இந்தத் தாளில் ஒரு கையெழுத்து. இரண்டே வழி. தாளை மடித்து என் கையில் தந்தார்.

தபால் கந்தோரிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடை. அம்மா படியேறவில்லை. வீதியிலேயே நின்றுகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினாள். அப்பா துணி விரித்துக் காட்டும் கடை மெத்தையில் சாய்ந்திருந்தார். தாளை வாங்கி, தூரமாகப் பிடித்து, நிதானமாக வாசித்தார். அம்மா நிற்பது அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கடுதாசி வீட்டுக்கு வருது. வீட்டுக்காரிக்கு வருது. வேணும்னா வீட்டுல வந்து இருந்து வாசிக்கச் சொல்லு ஒங்கம்மாவ."

பிறகு தாளின் ஓரத்தில் நீளமாக ஒரு துண்டு கிழித்தார். அதைத் திரியாகத் திரித்துக் காது குடைந்தார். கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக. கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். மிச்சத் தாளை என்னிடம் நீட்டினார். நான் எழுதிய புது விலாசம் பாதி கிழிந்து போயிருந்தது. நீங்கள் கண் கலங்கி நினைத்துக்கொள்ளும் மனிதர் இவர்தான்.

இன்னொரு வழி மிச்சம் இருந்தது. அண்ணனுக்குக் கடிதம் எழுதினோம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாங்கள் பெரியம்மா வீட்டில் இருக்கிறோம், அப்பாவுக்கு எழுதுவதை வழக்கம்போல் எழுது, எனக்கு எழுதுவதை என் பெயர் போட்டு இந்த விலாசத்துக்கு எழுது, நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா. அம்மாவின் பெயரை அன்றுதான் முதன்முறையாக எழுதினேன். அவள் வாங்கிப் பார்த்து, இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இவ்வளவு சின்னதா என்றாள்.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. துரை கையால் திறக்கிற பையில் ஒரு பொம்பளையின் பெயர் தனியாக வந்தால் தோட்டத்துக் கந்தோரில் என்ன நினைப்பார்கள் என்று பெரியம்மாவிடம் குறைப்பட்டார். கடைசியில், கணக்கப்பிள்ளை வீட்டில் இருக்கும் இன்னாருக்கு என்று எழுதச் சொல்லி ஒப்புக்கொண்டார். கடிதம் போனது.

மழை பிடித்துக்கொண்டது. ஊவாப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். மலை இருக்கிற இடமே தெரியாது. படி ஏறினால் அட்டை, இறங்கினால் அட்டை. பிற்பகல் ஆனால் அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தொழிற்சாலை வளைவுக்குப் போய்விடுவாள். தேயிலை வாடும் வாசனை அந்த வளைவில் தொண்டையில் வந்து உட்காரும். தபால்காரர் தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவார். பையைப் பூட்டியிருக்கிறார்கள், உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அம்மாவைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதற்காகத்தான் கையை ஆட்டினார். அம்மா அதை நம்பாமல் பெரியப்பா வரும்வரை நிற்பாள். பெரியம்மா கத்துவாள். தங்கச்சி வேலைக்கள்ளி என்று லயத்து ஆட்கள் காதில் விழும்படி சொல்வாள்.

இந்தியாவுக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வர எத்தனை நாள் ஆகும் என்று அம்மா பெரியப்பாவைக் கேட்டாள். அவர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பையன் பழக்கதோஷத்தில் பழைய விலாசத்துக்கே எழுதுகிறான், அங்கே அந்த மனிதர் வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். நானும் அப்படித்தான் நம்பினேன். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது முறை நாங்கள் பதுளைக்குப் போனது சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை. ஸ்பிரிங்வெளி, நமுனுகுலத் தோட்டத்து ஆட்களெல்லாம் பஜாரில் இருந்தார்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. அம்மா இந்த முறை என்னை அனுப்பவில்லை. தானே படியேறி வாசலில் நின்றாள்.

"எம்புள்ள எழுதுனத எங்க வச்சிருக்கீங்க?"

அப்பா கெஜக்கோலைக் கீழே வைக்காமல் சொன்னார். "இருக்கு. பத்திரமா இருக்கு. உள்ள வந்து எடுத்துக்க."

இந்த வார்த்தையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கு என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

அம்மா உள்ளே போகவில்லை. அந்த வாசற்படியைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். அங்கேயே நின்று கத்தத் தொடங்கினாள். அதுவரை அவள் அப்பாவை நீங்கள் என்று தவிர வேறு விதமாகச் சொல்லிக் கேட்டதில்லை. "நீ விளங்குவியா? பெத்தவகிட்ட புள்ள எழுத்தக் காட்டாத கையி வெந்து போகும்" என்றாள். வாங்க வந்த ஆட்கள் துணியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா ஒரு துண்டை அளந்து, கிழித்து, மடித்தார். அடுத்ததை அளந்தார்.

நான் நழுவிப் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குள் போனேன். அப்பாவின் மேசைப் பெட்டி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்து, உள்ளே இருந்த தாள்களைக் கீழே கொட்டினேன். அண்ணனுடைய எழுத்து எதிலும் இல்லை. பிஸ்கட் டின்னும் வைத்த இடத்தில் இல்லை. அலமாரியை இழுக்கும்போது சித்தி வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து ஈரத்துண்டு சுற்றியிருந்தாள். என் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, அதுல ஒண்ணுமில்ல. நானே தேடிப் பாத்துட்டேன். எனக்கும் எங்க வீட்டுலருந்து ஒண்ணும் வரல."

திருடி, பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். தோளில் இருந்த கையைப் பிடித்துக் கடித்தேன். பல் இறங்கியது தெரிந்தது. வாயில் மஞ்சளும் இரத்தமும் கலந்த ருசி. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் முன்பக்கத்திலிருந்து அப்பா வந்திருப்பார், என் தோல் உரிந்திருக்கும். கையை மறு கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் ஓடிவிட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு வயதுக்கு மேல் இருக்காது. உண்மையைத்தான் சொன்னாள் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்தடுத்து இரண்டு பிள்ளை பெற்று, மூன்றாவதில் போய்ச் சேர்ந்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா தபால் கந்தோர் பக்கம் ஒதுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, கதவு பூட்டியிருந்தது. பின்னால் குடியிருந்த தபால் மாஸ்டர் எங்கள் சத்தம் கேட்டு வெளியே வந்தார். உங்கட பேருக்கு ஒண்டும் வரேல்லை அம்மா, நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன் என்றார். அம்மா கும்பிட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்காகச் சொன்னதைச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

தை பிறந்து மழை விட்டிருந்தது. அரிசி வண்டிக்காரர் ஒருநாள் மூட்டை இறக்கும்போது, பதுளையில் முதலாளியின் மகன் வந்திருக்கிறான், கடையில் பார்த்தேன் என்று சொன்னார். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். சேலை மாற்றக்கூட உள்ளே போகவில்லை. திரும்பிப் போகும் காலி வண்டியிலேயே ஏறிக்கொண்டோம். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி, அவனுக்குப் பிடிக்கும் என்று கடலை மிட்டாய் வாங்கினாள். இந்த முறை மாடு நின்றது.

அண்ணன் மெத்தையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று வருடத்தில் ஆள் நீண்டிருந்தான். சட்டைக்குப் பொத்தான் வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் இறங்கி வரவில்லை. அம்மா படியேறி, அவனைத் தொடாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளைத்துவிட்டாய் என்றாள். பிறகு அவள் வந்த காரியத்தைக் கேட்டாள்.

"மாசாமாசம் நீ போட்ட கடுதாசி ஒண்ணுகூட என் கைக்கு வரலப்பா. ஒங்கப்பா வச்சுக்கிட்டுத் தரமாட்டேங்கிறாரு. நீயே கேட்டு வாங்கிக் குடு."

அப்பா சட்டென்று திரும்பினார். "டேய், நீ உள்ள போ" என்றார். அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

அண்ணன் போகவில்லை. "நான் போடல" என்றான்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. "எங்கடுதாசி வந்துச்சா?"

"வந்துச்சு. அத்த வாசிச்சாங்க. வீட்ட விட்டுப் போனவங்களுக்கு நான் என்னத்த எழுதுறது? பள்ளிக்கூடத்துல எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்பாவுக்கு எழுதியிருந்தேனே, அம்மாவுக்கு எழுதச் சொல்லி எங்கிட்ட கேக்காதீங்கன்னு."

சொல்லும்போது அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது. அந்த வயதுக் குரல். அது அழுகை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா?" மறுபடியும் நீங்கள் என்றுதான் கேட்டாள். அப்பா முன்னால் கிடந்த ஒரு சீட்டித் துணியை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததைப் பிரித்து, மறுபடி மடித்தார். ஓரம் சரியாக வரவில்லை. மறுபடி பிரித்தார்.

அம்மா மிட்டாய்ப் பொட்டலத்தை மெத்தையின் ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். தபால் கந்தோருக்குப் போய், இனிமேல் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மேலே போகும் வண்டி இல்லை. ஏழெட்டு மைல் நடந்தே ஏறினோம். அவள் அழவில்லை. இடையில் ஓர் ஓடையில் என் காலைக் கழுவி அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். மறுநாள் முதல் தொழிற்சாலை வளைவுக்குப் போகவில்லை. தபால் என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் பிறகு கேட்கவில்லை.

இந்தக் கதையை என்னிடம் கேட்ட இரண்டொருவர் அப்பாவுக்கு வக்காலத்து வாங்கினார்கள். பெற்ற பிள்ளை வெறுக்கிறான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நான் பல வருடம் யோசித்துப் பார்த்தேன். இரக்கம் என்றால் வரவில்லை என்று சொல்லியிருக்கலாமே. இருக்கு, பத்திரமா இருக்கு, உள்ள வந்து எடுத்துக்க என்று எதற்குச் சொன்னார்? கடிதம் தன்னிடம் இருப்பதாக அவள் நம்பும்வரை அவள் அந்த வாசலுக்கு வந்துகொண்டே இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் தோற்று உள்ளே வருவாள் என்று காத்திருந்தார். அவளை வரவழைக்க இல்லாத கடிதத்தைக் காட்டினார். அண்ணன் உண்மையைச் சொல்லப்போகிறான் என்றதும் உள்ளே போகச் சொன்னது அம்மாவுக்காகவா, தன் பொய் உடையுமே என்பதற்காகவா? நீங்கள் விரும்பியபடி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பக்கம் முடிவு கட்டி வெகுநாளாயிற்று.

அம்மா பிறகு பெரியம்மா வீட்டு அடுப்பை விட்டுவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் குழந்தைகளை ஆட்டித் தூங்கவைக்கும் வேலை. நான் பெரியப்பாவிடம் கணக்கும் இங்கிலீஷும் கற்றுக்கொண்டேன். அவருக்குக் கண் மங்கிய பிறகு, தபால் பையிலிருந்து வருவதைப் பிரித்துக் கொடுக்கும் வேலை என் கைக்கு வந்தது. எனக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா செத்துப்போன செய்தி வந்தது. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பதுளைக்குப் போகவில்லை. கடை அண்ணன் கைக்குப் போயிற்று.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, தபாலில் ஒரு தடித்த உறை இருந்தது. அம்மாவின் பெயர். அவளுடைய சொந்தப் பெயர் மட்டும், கீழே தோட்டத்தின் பெயர். சம்சாரம் என்று இல்லை, கணக்கப்பிள்ளை வீட்டில் இருக்கும் என்று இல்லை. அண்ணனுடைய எழுத்து எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? உறையின் கனத்தைப் பார்த்தால் ஆறு ஏழு தாளாவது இருக்கும்.

கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு பெரியப்பாவின் சிவப்பு மையைத் தொட்டு, உறையின் குறுக்கே, வாங்க மறுத்துவிட்டார், அனுப்பியவருக்கே திருப்பவும் என்று இங்கிலீஷில் எழுதினேன். மறுநாள் காலைப் பையில் போட்டேன். பை இறங்கிப் போவதை வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நல்ல சந்தோஷமாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காம்பராவில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்லிச் சிரித்தாள். தபாலைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவள் கேட்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம். கடைசி நாட்களில் காய்ச்சலில் அவள் அவன் பெயரைச் சொன்னபோதும் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அம்மாவின் சாவுக்கு அண்ணன் வந்தான். ஆள் அனுப்பியது பெரியம்மா. முப்பத்து மூன்று வயதிலேயே காதோரம் நரைத்து, அப்பா மாதிரியே தொந்தி வைத்திருந்தது. கொள்ளி வைத்தான். செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தான், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு நின்றபோது என்னிடம் வந்தான். மற்றவர்கள் தள்ளி இருந்தார்கள்.

"ஒரு தடவ கடுதாசி போட்டேன். திரும்பி வந்துருச்சு" என்றான். நான் குடத்தைப் பீலிக்கடியில் வைத்தேன். "அம்மா பிரிச்சுக்கூட பாக்கலையா?"

"இல்ல" என்றேன். "பிரிக்கவே இல்ல."

அது உண்மைதான். அதில் என்ன எழுதியிருந்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனும் இப்போது இல்லை. அன்றைக்கு அவன், ஈரக் கால் ஈரமாகவே இருக்க, பீலிக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து, ஐம்பது பேர் பார்க்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். நான் குடத்தை நிரப்பி இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.